பதில் போடாதவன்

உங்களை ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பெண் இருக்கிறாள். ஒருவர் அவளோடு ஏழு நாள் அன்பாகப் பழகுகிறார். "கட்டாயம் கூப்பிடுகிறேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வெளியூர் போகிறார். அதற்கப்புறம் மூச்சுப் பேச்சு இல்லை. கூப்பிட்டால் எடுப்பதில்லை, எழுதினால் பதில் இல்லை. ஆசாமிக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

மனத்துக்குள் சொல்லிக்கொண்ட பதிலை அப்படியே ஒரு பக்கமாக வைத்திருங்கள். எங்கள் காரியாலயத்தில் ஒரு வாரம் முழுவதும் இந்த வழக்குத்தான் நடந்தது. வழக்கை உள்ளே கொண்டுவந்த குற்றவாளி நான்.

ஆசிரியர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஓர் ஆங்கில நாவலைக் கையில் கொடுத்தார். "படித்துப் பாரும். நம் வாசகர்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதும்" என்றார். ரோஸி வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதியது, 2018-ல் வெளிவந்தது. ஒரே நாவலுக்கு இரண்டு பெயர்கள். இங்கிலாந்தில் 'கூப்பிடாத மனிதன்' என்று பொருள்படும் பெயர், அமெரிக்காவில் 'கோஸ்டட்'. 'கோஸ்ட்' என்றால் பேய். பழகிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டால், பேயாகிவிட்டார் என்று இந்தக் காலத்து இளைஞர்கள் சொல்கிறார்கள். நம் ஊரில் இதற்குக் 'கம்பி நீட்டுவது' என்று வெகு நாளாகவே பெயர் உண்டு. எனக்கென்னவோ பேயைவிடக் கம்பிதான் பிடித்திருக்கிறது.

கதாநாயகி ஸாராவுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸில் இருப்பவள். இங்கிலாந்தில் பிறந்த கிராமத்துக்கு வந்திருக்கும்போது, வழியில் ஓர் ஆட்டுடன் நின்று பேசிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்க்கிறாள். ஆட்டுக்குப் புத்தி சொல்கிறவனை நம்பலாம் என்று அவளுக்குத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஏழு நாள். பிறகு அவன் முன்பே ஏற்பாடு செய்திருந்த விடுமுறைக்குக் கிளம்புகிறான். அவ்வளவுதான். சிநேகிதர்கள் "விட்டுத் தள்ளு" என்கிறார்கள். அவள் விடுவதாக இல்லை. செய்திக்கு மேல் செய்தி அனுப்புகிறாள்.

பிற்பகல் டீ வரும் நேரத்தில் இதை நான் காரியாலயத்தில் சொல்ல ஆரம்பித்தேன். தொடர்கதை போடுகிற பத்திரிகை அல்லவா? கூடவே தொற்றிக்கொண்ட புத்தி, சரியான இடத்தில் நிறுத்தி, "மிச்சம் நாளைக்கு" என்று எழுந்துவிட்டேன். மறுநாள் டீ வருவதற்கு முன்பே நாற்காலிகள் என் மேஜையைச் சுற்றி வந்துவிட்டன!

எங்களிடம் புரூப் திருத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒற்றுப் பிழையைக் கண்டால் உறக்கம் வராதவர். அவர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஆபத்துதான் ஐயா. அந்தப் பெண் முதலில் ஆஸ்பத்திரிகளில் விசாரிக்க வேண்டும்." அவருடைய ஒரே பிள்ளை கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் கூப்பிடுவது எட்டேகால் ஆனால் பெரியவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வேண்டியிருக்கிறது. அவருடைய உலகத்தில் மௌனத்துக்கு ஆபத்து என்ற ஒரே அர்த்தம்தான்.

கணக்குப் பிரிவில் இருக்கும் பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது. அவளுடைய கோபமெல்லாம் ஸாரா மேல்தான். "நாற்பது வயசுக்கு இத்தனை மெஸேஜா ஸார்? ரெண்டு மெஸேஜ், பதில் இல்லையா, நம்பரை பிளாக் பண்ணிட்டுப் போயிட்டே இருக்கணும்" என்றாள். வெகு சரியான பேச்சு. ஆனால் மறுநாள் காலை நான் வாசற்படி ஏறும்போதே, "கூப்பிட்டானா ஸார்?" என்று முதலில் கேட்டவளும் அவள்தான். டீ கொண்டுவருகிற பையன், "நம்பர் மாத்தியிருப்பான் ஸார்" என்றான். ஓவியர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில், "ஜன்னலோரத்தில் காத்திருக்கும் பெண்ணை இதுவரை எத்தனை தடவை போட்டிருக்கிறேன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். ஊரிலிருந்து வந்திருந்த மாமியாருக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவர் அப்பளத்தை நொறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காளா, மாப்பிள்ளை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாவலில் பாதிப் புத்தகம் கடந்தபின் தெரிய வேண்டிய விஷயத்தின் வாசலில் போய் நின்றுவிட்டார் அந்த அம்மாள்! இதற்கு மேல் நான் வாய் திறக்க மாட்டேன். ஆமாம், அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அற்பக் காரணமும் அல்ல. பிற்பகுதியில் அவனே பேசவும் செய்கிறான். அதைச் சொல்லி, இனிமேல் படிக்கப் போகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள நான் தயாராயில்லை.

சனிக்கிழமை எங்கள் காரியாலயத்தில் காரணத்தைச் சொன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். டீப் பையன் கிளாஸை எடுக்க மறந்து நின்றான். ஒரு வாரமாகச் சீறிக்கொண்டிருந்த கணக்குப் பெண் பெருமூச்சு விட்டு, "அப்போ சரி" என்றாள்.

அந்த 'அப்போ சரி'தான் என் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டது. காரணம் கிடைத்தவுடன் எத்தனை சுலபமாக அவனை மன்னித்துவிட்டோம்! எங்கள் எல்லோருக்கும் வேண்டியிருந்தது அவன் திரும்பி வருவதுகூட இல்லை போலிருக்கிறது. ஒரு காரணம்; கௌரவமான ஒரு காரணம்.

மாமியார் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "சகுந்தலைக்கு மோதிரம் தொலைஞ்ச மாதிரி இவனுக்கும் ஏதோ தொலைஞ்சிருக்கு." 1940-ல் எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்து வந்த 'சகுந்தலை' படத்தை அவருடைய தாயார் கண்ணீர் விட்டுக்கொண்டே பார்த்த கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். துஷ்யந்தன் பாவம், மறந்துவிட்டான், துர்வாசர் சாபம், மோதிரத்தை மீன் விழுங்கிவிட்டது, அவன் மேல் தப்பில்லை. நமக்குத் தெரிந்த கதை இதுதான். ஆனால் மகாபாரதத்தில் சாபமும் கிடையாது, மோதிரமும் கிடையாது. சகுந்தலை பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சபையில் வந்து நிற்கிறாள். ராஜாவுக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்துகொண்டே, "நீ யார்?" என்கிறான். அசரீரி வந்து அதட்டிய பிறகுதான், "எனக்குத் தெரியும், ஊர் என்ன சொல்லுமோ என்றுதான்…" என்று இழுக்கிறான். காளிதாஸர் இதைப் பார்த்தார். இப்படிப்பட்ட ஆசாமியை நாடகத்தில் நாயகனாக வைக்க முடியாது என்று கண்டுகொண்டிருக்க வேண்டும். ஒரு சாபத்தையும் மோதிரத்தையும் செய்து அவன் கையில் கொடுத்தார். ஜனங்களும் 'அப்போ சரி' என்றுவிட்டார்கள்.

காரணமே கொடுக்க மறுத்த எழுத்தாளர் யாராவது உண்டா என்று தேடிக்கொண்டு போனேன். தேடல் என்னை 1853-ல் கொண்டுபோய் விட்டது. 'ஜேன் அயர்' எழுதிய ஷார்லட் பிராண்டியின் கடைசி நாவல் 'வில்லெட்' அந்த வருஷம் ஜனவரியில் வந்தது. அதில் லூஸி என்ற ஏழைப் பள்ளிக்கூட உபாத்தியாயினி. டாக்டர் ஜான் என்பவர் அவளுக்கு அன்பாகச் சில கடிதங்கள் எழுதுகிறார். பிறகு நின்றுவிடுகின்றன. ஏழு வாரம் தபால் வரும் வேளையெல்லாம் அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் என் செல்போனை அலமாரியில் வைத்துவிட்டேன். டாக்டருக்குச் சாபமும் இல்லை, விபத்தும் இல்லை. வேறு வேலை, வேறு நினைவு. அவ்வளவுதான். கடைசியில் லூஸி அந்தக் கடிதங்களை ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்து, முத்திரையிட்டு, தோட்டத்துப் பேரி மரத்தின் அடியில் புதைத்துவிடுகிறாள்.

அப்புறம் பால் இமானுவெல் என்ற இன்னொருவர் வருகிறார். இவர் கடிதம் போடுவதில் கர்ணன். கடல் கடந்து போய் மூன்று வருஷமும் தவறாமல் எழுதுகிறார். திரும்பி வரும் சமயத்தில் கடலில் புயல். கப்பல்கள் உடைகின்றன. அவர் வந்தாரா? ஆசிரியை சொல்லவில்லை! ஷார்லட்டின் தகப்பனார், வயதான பாதிரியார், "கதை சுபமாக முடியட்டும் அம்மா" என்று கேட்டுக்கொண்டாராம். தகப்பனாருக்காக முடிவைச் சிறிது மங்கலாக்கினாரே தவிர, மாற்றவில்லை. வாசகிகள் சிலர் பதிப்பாளர் மூலம், "அவர் பிழைத்தாரா, மூழ்கினாரா, ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று விசாரித்தார்கள். ஷார்லட் பதில் எழுதினார். எப்படி? புதிரைப் புதிராகவே விட்டுவைக்கிற மாதிரி ஒரு பதில்!

அன்றைய வாசகர்களும் எங்கள் டீக் கச்சேரிக்குக் குறைந்தவர்கள் அல்ல. ஹாரியட் மார்ட்டினோ என்ற எழுத்தாளர் ஷார்லட்டின் சிநேகிதி. இந்தப் பெண்களுக்குக் காதலைத் தவிர வேறு நினைப்பே கிடையாதா என்ற தோரணையில் ஒரு மதிப்புரை எழுதினார். அதோடு சிநேகம் முறிந்தது. தாக்கரே, புத்தகத்தை விட்டுவிட்டு எழுதியவளைப் பிடித்துக்கொண்டார். இவளுக்கு வேண்டியது புகழ் அல்ல, அன்பு செலுத்த ஓர் ஆண்பிள்ளை என்று ஒரு கடிதத்தில் எழுதிவைத்தார். பெரிய மனிதர்தான், ஆனால் பேசியது திண்ணைப் பேச்சு. பின்னாளில் ஜார்ஜ் எலியட் என்று பெயர் வாங்கப் போகிற பெண்மணி மட்டும், 'ஜேன் அய'ரைவிட இது அதிசயமான புத்தகம் என்று குதித்தார்.

தாக்கரே தற்செயலாகத் தொட்ட இடம் புண் இருந்த இடம்தான் என்பது 1913-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஷார்லட் 1842-ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குப் போய் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார். பிறகு அங்கேயே பாடமும் சொல்லிக்கொடுத்தார். அங்கே ஆசிரியர் கான்ஸ்டன்டின் ஹெகர். மணமானவர், குழந்தைகள் உள்ளவர், பள்ளிக்கூடத்தின் தலைவியே அவர் மனைவிதான். 1844 ஆரம்பத்தில் ஊர் திரும்பிய ஷார்லட், ஹெகருக்குப் பிரெஞ்சு பாஷையில் கடிதங்கள் எழுதினார். ஒரு வரி பதில் போதும் என்று கெஞ்சும் கடிதங்கள். 1844, 1845 வருஷங்களில் எழுதிய நான்கு கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஹெகர் கிழித்துப் போட்டவற்றை அவர் மனைவி பொறுக்கியெடுத்து, துண்டுகளைத் தைத்தும் ஒட்டியும் பத்திரப்படுத்தினாராம். கோபமா, சாட்சியமா, இரக்கமா? அந்த அம்மாளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அவர்களுடைய பிள்ளைகள் 1913-ல் அவற்றை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். 'டைம்ஸ்' பத்திரிகையில் அச்சாகி ஊரெல்லாம் அமளிப்பட்டது. ஷார்லட் இறந்து அப்போது ஐம்பத்தெட்டு வருஷம்.

நான் முதலில் ஹெகர் கட்சிதான். வேறு என்ன செய்வார் மனிதர்? பதில் போட்டால் நெருப்பில் நெய், குடும்பஸ்தர், பேசாமல் இருந்ததுதான் யோக்கியம். இப்படி வாதாடிக்கொண்டே போனவன், ஒரு சின்ன விவரத்தில் இடறி விழுந்தேன். கிழியாமல் மிஞ்சிய கடைசிக் கடிதத்தின் ஓரத்தில் ஹெகர் ஏதோ குறித்துவைத்திருக்கிறார். என்ன தெரியுமா? ஒரு செருப்புத் தைப்பவருடைய பெயரும் விலாசமும்!

ஒரு பெண் உயிரைப் பிழிந்து எழுதிய காகிதம் மேஜை மேல் கிடக்கிறது. செருப்புக்காரர் விலாசத்தைக் குறிக்க ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. கை அதை எடுக்கிறது. அதில் கொடுமை எதுவும் இல்லை. ஹெகர் கெட்டவரும் அல்ல. எனக்கு இது எப்படித் தெரியும் என்றால்…

இத்தனை பக்கம் ஊர்க்கதை பேசி நான் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்த இடம் இதுதான்.

பத்து வருஷத்துக்கு முன்னால், எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்காக நான் சென்னைக்கு வந்தேன். கூடப் படித்த பெண் ஒருத்தி. "வேலை கிடைத்ததும் அப்பாவிடம் பேசிவிட்டு உனக்குச் சொல்கிறேன்" என்று பஸ் ஏறுமுன் சொல்லியிருந்தேன். வேலை கிடைத்தது. அப்பாவிடம் பேசவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. நாளைக்குப் பேசலாம் என்ற ஒரு மந்தம். "போய்ச் சேர்ந்தாயா?" என்று செய்தி வந்தது. அப்பாவிடம் பேசிவிட்டு ஒரேயடியாகப் பதில் போடலாம் என்று வைத்தேன். "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று வந்தது. அதையும் வைத்தேன். கடையில் பாக்கி வைத்தவன் அந்தத் தெரு வழியாகப் போகமாட்டான் அல்லவா? முதல் நாள் ஒரு வரியில் தீர்ந்திருக்கக்கூடிய கடன், இரண்டாம் வாரம் ஒரு பக்கமாகிவிட்டது. மூன்றாம் வாரம் அதை அடைக்க ஒரு விபத்தோ, வியாதியோ தேவைப்பட்டது. எனக்கோ சளிகூடப் பிடிக்கவில்லை! "என் மேல் கோபமா?" என்ற ஐந்தாவது செய்தி வந்தபோது நான் வீட்டுத் தரகருடைய நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். நம்பர் கிடைத்தது. கூப்பிட்டு வாடகை பேசினேன். இரண்டு நீலக் குறிகள் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் உயிரோடு இருக்கிறேன், படித்துவிட்டேன் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசிச் செய்தியில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. "சரி."

வால்ஷ் அம்மாளின் நாவலை என் மனைவி இரண்டே இரவில் படித்து முடித்தாள். மூன்றாம் நாள் இரவு, துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "நீங்க யாருக்காவது பதில் போடாம இருந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. மேலே எழுதியிருப்பதைச் சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எத்தனை தடவை எழுதினா?" என்றாள்.

"ஏழு."

"பத்து வருஷமாச்சு, யோசிக்காம ஏழுங்கறீங்களே!"

நான் திருதிருவென்று விழித்தேன். பிறகு, மனத்தில் இருந்த இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். நாவலைப் படித்ததிலிருந்து அந்தப் பெண்ணுக்கு நாலு வரி எழுதலாமா என்று தோன்றுகிறது; மன்னிப்பு என்று இல்லாவிட்டாலும், 'உன்மேல் தப்பு எதுவும் இல்லை' என்றாவது; இரண்டு தடவை எழுதி அழித்தும் விட்டேன்.

"என்ன காரணம்னு எழுதுவீங்க?" என்றாள்.

"காரணம் ஒன்றும் இல்லை என்றுதான்."

சட்டையை உதறி மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "இத்தனை வருஷத்துல அவளே ஒரு காரணம் வெச்சிருப்பா. உங்க அப்பா சம்மதிக்கல, இல்லேன்னா ஏதாவது ஆபத்துன்னு. அதை எடுத்துட்டு இதைக் கொடுக்கப் போறீங்களா?" என்று சொல்லிவிட்டு, "லைட்டை அணைங்க" என்றாள்.

நான் எழுதவில்லை. அவள் சொன்னது சரிதானா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை. கணக்குப் பெண்ணைக் கேட்டால் வேறு சொல்வாள்.

இந்தக் கட்டுரையைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், ஓவியர் பென்சிலோடு என் மேஜைக்கு வந்தார். "படம் என்ன போடட்டும்? ஜன்னலோரப் பெண்தானே?" என்றார்.

"இந்தத் தடவை அவள் வேண்டாம். பதில் போடாதவனைப் போடுங்கள்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பேஷ்! இருட்டு அறை, சிகரெட் புகை, கலைந்த தலை…"

"இல்லை. காலை நேரம். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். முகம் சாதாரணமாக இருக்கிறது. செல்போன் கொஞ்சம் தள்ளிக் கிடக்கிறது."

ஓவியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னையே சிறிது நேரம் பார்த்தார்.

"எடுபடாதே, ஸார்!" என்றார்.